நடந்து போனதற்கு வருத்தம் உண்டா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் திருவனந்தபுரத்திலிருந்து காசிக்கு நடந்து போனேன். ஐந்து மாதம் பிடித்தது. திரும்பியது ரயிலில். அன்றிலிருந்து பார்க்கிறவர்களெல்லாம் புண்ணியத்தைப் பற்றியே பேசி என் பிராணனை வாங்கினார்கள். எனக்குக் காசியில் அப்படியொன்றும் பக்தி கிடையாது. நடக்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். வெறுமனே நடக்கப் போகிறேன் என்றால் எந்த ஆபீஸில் ஆறு மாதம் லீவு கொடுப்பார்கள்? அதனால் காசி என்று எழுதிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது மனைவி கேட்டது ஒன்றுதான். "வாரம் ஒரு கார்டு போடுங்கோ."

நாகர்கோவிலில் ஒன்று போட்டேன். மதுரையில் ஒன்று. அப்புறம் போடவில்லை. மறந்துபோய்விட்டது என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். விடியற்காலையில் எழுந்து, யாருக்கும் எந்தப் பதிலும் சொல்ல வேண்டாமல் நடக்கிற சுகத்தில், வீட்டை நினைத்து நாலு வரி எழுதுவதே பாரமாக இருந்தது.

திருவனந்தபுரத்தில் வலியசாலைத் தெரு வீட்டுக்கு நான் திரும்பி வந்தபோது கதவைத் திறந்தவளை யாரென்று ஒரு கணம் தெரியவில்லை. தலையில் விரற்கடை நீளத்துக்குத்தான் முடி. நெற்றியில் குங்குமம் இருந்தது. பின்னால் வந்த மாமியார்தான் பேசினாள்.

"டைபாய்டு, மாப்பிள்ளை. நாப்பது நாள் படுத்த படுக்கை. டாக்டர் முடியை எடுக்கச் சொல்லிட்டார். உங்களுக்குச் சொல்லலாம்னா விலாசம் எங்கே இருக்கு? ஒரு கார்டு போடப்படாதா?"

எங்கள் தெருவில் தலைமுடியை எடுத்த பெண் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்கு வழியில் ஏதோ ஆகிவிட்டது, வீட்டில் மறைக்கிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. இரண்டு பேர் துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டார்களாம். ஜுரம் தணிந்து எழுந்து உட்கார்ந்த அன்றே அவர்களுக்கு இவள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து ஆபீஸ் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மலையாளி. காலில் விழாத குறையாக எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"சுவாமி, இத்தனை தூரம் நடந்ததுல எப்போழெங்கிலும் வருத்தம் தோணியோ?"

"இல்லை" என்றேன். யோசிக்கவேயில்லை. காப்பி கொண்டுவந்தவள் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் போனதும் சமையலறைக்குப் போய், "அப்படிச் சொல்லியிருக்கப்படாது" என்றேன்.

"நிஜத்தைத்தானே சொன்னேள்?"

"கார்டு போடாததுக்கு வருத்தம் உண்டு."

"அதை அவர் கேக்கலையே" என்றாள். புளியைக் கரைத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "சரி, இப்போ நான் கேக்கறேன். இப்படியெல்லாம் ஆகும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா போயிருக்க மாட்டேளா?"

மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன கேடு? போகிற வழியில் கோதாவரிக் கரையில் கண்ட ஒரு விடியற்காலை கண்ணுக்குள் வந்து நின்று தொலைத்தது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் கையை அலம்பிக்கொண்டு, "இலை போடட்டுமா?" என்று கேட்டாள்.

முடி பின்னுகிற அளவுக்கு வளர இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை அவள் கோயிலுக்கு வரவில்லை. நான் தனியாகப் போய் வந்தேன். வழியில் பார்த்தவர்கள் காசியைப் பற்றிக் கேட்டார்கள்.