முதலில் கை, பிறகு வண்டி

ரொட்டியைக் கடித்தபடியே இங்குன் ஒரு கையால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் அசைத்துப் பார்க்கிறாள். எஞ்சின் ஓடவில்லை, ஓட விடவும் மாட்டாள். எந்த வண்டி வந்தாலும் முதலில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். மெழுகுத்தாளில் மடித்துக்கொண்டுவந்த ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் தீரும்வரை இறங்கமாட்டாள். வண்டிக்காரர் வெளியே பனியில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். பொறுமையிழந்து கதவருகே வந்து கோளாறை விவரிக்கத் தொடங்கினால், கதவை இழுத்துச் சாத்திக்கொள்வாள்.

“வாய் இருக்கிறவங்க பேச்ச அப்புறம் கேட்டுக்கலாம். இது வாயில்லாத ஜீவன். மொதல்ல இது சொல்லி முடிக்கட்டும்.”

ஸ்கார்விக் படகுத்துறையில், ஒரு காலத்தில் மீனைப் பெட்டியில் அடைத்த கொட்டகைதான் அவளுடைய பட்டறை. மழை வலுத்தால் சுவரிலிருந்து இன்றும் ஹெர்ரிங் மீன் வாடை கிளம்பும். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. மூக்குக்கண்ணாடி நழுவி எஞ்சினுக்குள் விழாமலிருக்க, ஒரு பெட்ரோல் குழாய்த் துண்டில் கோத்துப் பின்மண்டையோடு மாட்டியிருப்பாள். போல்ட் கழலாமல் அடம்பிடித்தால் தேவாலயப் பாட்டு ஒன்றைச் சீட்டியடிப்பாள். சீட்டி சட்டென்று நின்றால் ஒன்று போல்ட் கழன்றுவிட்டது, இல்லை முறிந்துவிட்டது. எது என்பதை அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வண்டிக்காரர்கள் அந்தச் சில விநாடிகள் மூச்சுவிடுவதில்லை.

ஜன்னலோரம் ஓர் அலமாரி. அதற்கு ‘அவசரக்குடுக்கை அலமாரி’ என்று அவளே பெயர் வைத்திருக்கிறாள். நன்றாக இருந்தும், பழுதென்று தவறாகக் கழற்றிப்போட்ட பாகங்கள் அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட்டில் உரியவர் பெயர். பாதிரியாரின் டைனமோ, தலைமையாசிரியையின் ஸ்டார்ட்டர் மோட்டார், படகுத் தலைவரின் ரேடியேட்டர்கள் இரண்டு. படகுக்குக் காத்திருப்பவர்கள் குளிருக்கு ஒதுங்குகிற சாக்கில் உள்ளே வந்து ஒவ்வொரு பெயராகப் படித்துவிட்டுப் போவார்கள். என் பெயரை எடுத்துவிடு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

இந்தச் சனிக்கிழமை அவள் ரொட்டி தின்றுகொண்டிருந்தது ஒட்வாரின் நீல வேனில். வேனுக்கு இருபத்திரண்டு வயது, ஒட்வாருக்கு எழுபத்திரண்டு. சாலை முடிகிற இடத்தில் கடைசி வீடு அவருடையது. கடைக்கு வர பதினான்கு கிலோமீட்டர். பேருந்து பள்ளி நாட்களில் மட்டும்தான். வேன் இல்லையென்றால் அந்த வீட்டில் அவர் இருக்க முடியாது. அதற்காகத்தான் மகள் மாரித் நகரத்தில், தன் வீட்டுக்குப் பக்கத்தில், இரண்டாம் மாடியில் சின்னதாக ஒரு வீடு பார்த்துவைத்திருந்தாள். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு கடிதம் கிடந்தது. ஓட்டுநர் உரிமத்தை ஒப்படைக்கிறேன் என்று ஒட்வார் கையெழுத்துப் போட்டது. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது. ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டு இங்குன் அதை ஒரு வரி விடாமல் படித்தாள். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்பதெல்லாம் அவளைப் பொறுத்தவரை வண்டிக்கு வெளியேதான்.

“என்னாச்சு அண்ணே?” என்று ஒருவழியாக இறங்கிவந்து கேட்டாள்.

ஒட்வார் வாயைத் திறப்பதற்குள், கூட வந்திருந்த மாரித் முந்திக்கொண்டாள். “ஸ்டியரிங் டைட்டா இருக்குங்கிறார் அக்கா. பவர் ஸ்டியரிங் பம்ப்ப போன வருஷமே டவுன்ல புதுசா மாத்தியாச்சு. ஆயிலும் மாத்தியாச்சு. அப்புறமும் டைட்டுன்னா என்ன அர்த்தம்? அப்பா கையில பலம் போச்சுன்னு அர்த்தம். வண்டிய வித்துரலாம்னு இருக்கோம். அதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக் குடுத்துருங்க.”

மாரித் பிசியோதெரபிஸ்ட். அந்தக் கரையில் பாதித் தோள்பட்டைகள் அவள் கைபட்டு நேரானவை. சொந்த அப்பாவை விடுவாளா? கைக்குப் பலம் ஏற்ற ரப்பர் பட்டை கொடுத்து, இரண்டு குளிர்காலமாக அவரை இழுக்க வைத்திருந்தாள். ஒவ்வொரு நிறமும் முந்தியதைவிடக் கடினம். மஞ்சளில் தொடங்கியவர் சிவப்பு, பச்சை, நீலம் என்று படியேறியிருந்தார்.

“இப்ப எந்தக் கலர்ல இருக்கீங்க அண்ணே?”

“கறுப்பு,” என்றார் ஒட்வார், தரையைப் பார்த்தபடி.

“கறுப்புக்கு மேல என்ன?”

“கறுப்புக்கு மேல கடையில கிடையாதாம்.”

இங்குன் மாரித்தைப் பார்த்தாள். மாரித் ஒன்றும் புரியாமல் பதிலுக்குப் பார்த்தாள். இங்குன் மேஜையில் கிடந்த ஸ்பானர்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு, முழங்கையை ஊன்றிக் கையை விரித்தாள்.

“வாங்க. மொதல்ல கை, அப்புறம் வண்டி.”

மீன் கொட்டகைக் காலத்திலிருந்து கை மடக்கும் போட்டியில் அவள் தோற்றதாக வரலாறு இல்லை. வேண்டாம் என்று ஒட்வார் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கை கொடுத்தார். மூன்று எண்ணுவதற்குள் இங்குனின் புறங்கை மேஜையில் அறைந்தது. காபிக் குவளை எகிறிக் கீழே விழுந்தது.

“ஐயோ, வலிச்சிருச்சாம்மா?” என்று பதறிப்போனார் ஒட்வார்.

“கை நல்லாருக்கு.” இங்குன் விரல்களை உதறிக்கொண்டாள். “அடுத்த பேஷன்ட்ட பாப்போம்.”

வேனின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினாள். சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. எஞ்சின் இப்போதும் ஓடவில்லை. மாரித்தை ஏற்றி உட்காரவைத்து ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னாள். ஒரு சுற்றுக்கு இரண்டு இடத்தில் அது பிடித்துப் பிடித்து விட்டது. மாரித் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள், கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

“ஏண்டி, உன் கையிலயும் பலம் போச்சா?”

“எஞ்சின் ஓடாம எப்படிக்கா திரும்பும்?”

“சக்கரம் தரையில நின்னா நீ சொல்றது நியாயம். இப்ப அந்தரத்துல தொங்குது. ரெண்டு விரல்ல திருப்புனா திரும்பணும். எஞ்சின் நிக்கிறதால பம்ப்பும் ஓடல, பின்ன யாரு பிடிச்சு இழுக்கிறது?”

ஸ்டியரிங் தானாகச் சுழன்று ஹாரன் கம்பியை அறுத்துவிடாமல் சீட் பெல்ட்டால் அதைக் கட்டிப்போட்டாள். கீழே போய் மல்லாந்து படுத்தாள். ஸ்டியரிங் தண்டு சக்கரத்துப் பக்கம் இறங்குகிற இடத்தில், திரும்ப மாட்டும்போது கோணாமல் இருக்க வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். சீட்டி தொடங்கியது. மூன்று சரணம் ஓடியது. சட்டென்று நின்றது. ஒட்வார் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

சாண் நீளத் தண்டு ஒன்றோடு அவள் வெளியே வந்தாள். அதன் நுனியில் கிராஸ் மூட்டு. மணிக்கட்டைப் போல எந்தப் பக்கமும் வளைய வேண்டியது அது. ஒரு பக்கம் வளைந்தது. மறுபக்கம் கல்லாக நின்றது. அதைக் கழற்றியதுதான் தாமதம், முன்சக்கரங்கள் கையால் தள்ளிய பக்கமெல்லாம் சமர்த்தாகத் திரும்பின.

“பாத்தீங்களா, துரு.”

“துருவா? என் வண்டியிலயா?” அன்று ஒட்வார் குரல் உயர்ந்தது அப்போதுதான். “வாரா வாரம் சனிக்கிழமை கழுவுறேம்மா! பனி உருக ரோட்டுல தூவுற உப்பு ஒரு பொட்டு நிக்க விடமாட்டேன். பிரஷர் வாஷர எடுத்துக்கிட்டு அடியில பூந்து, சக்கரத்துக்குள்ள, மூலை முடுக்கெல்லாம்…”

அவர் கண் இங்குன் கையிலிருந்த தண்டுக்குப் போனது.

“மூலை முடுக்கெல்லாம்?” என்று எடுத்துக்கொடுத்தாள் இங்குன்.

“ரொம்பக் கிட்ட வச்சு அடிப்பேன்,” என்றார் மெல்ல.

“உள்ள இருந்த கிரீஸு மொத்தமும் கழுவிப் போச்சு. அந்த எடத்துல உப்புத் தண்ணி போயி குடியேறிடுச்சு. குளிப்பாட்டிக் குளிப்பாட்டியே அதுக்கு மூட்டுவாதம் வரவச்சிருக்கீங்க.”

உப்புக்குப் பயந்து வண்டியைக் கழுவாத மனிதர் அந்தக் கரையில் கிடையாது. ஒட்வாருக்கு அதற்கு மேல் ஒரு வியாதியும் உண்டு: வாய்விட்டுக் குறை சொல்லத் தெரியாது. அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிற வண்டியைக் குறை சொல்வதைவிடத் தன் கையைக் குறை சொல்லிக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. வீட்டைக்கூட விட்டுக்கொடுக்கத் துணிந்துவிட்டார். வேனை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“கொஞ்சம் எண்ணெய் விட்டா ஓடாதா?” என்று கேட்டார்.

“ஒரு வாரம் மானத்தக் காப்பாத்தும். அப்புறம் எங்கயாவது வளைவுல கால வாரிவிடும்.”

கொட்டகைக்குப் பின்னால், அதே ரகத்து வேன் ஒன்று பாதி பனியில் புதைந்து நின்றது. அதன் அடித்தட்டு எப்போதோ இற்றுக் கொட்டியிருந்தது. அதிலிருந்து அதே தண்டைக் கழற்றிவந்து ஒட்வார் கண்முன்னால் இங்குன் மடக்கிக் காட்டினாள். வெண்ணெய் போல வளைந்தது.

“இந்த வண்டிக்காரன் பொறந்ததுலேருந்து வண்டியக் கழுவுனதே இல்ல,” என்றாள்.

ஒட்வாருக்கு அன்று எதையும் தாங்கிக்கொள்ள முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதியத்துக்குள் எல்லாம் மாட்டி முடிந்தது. ஒட்வார் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பி, வேனை வெளியே முற்றத்துக்கு எடுத்துவந்தார். இரண்டு வருடப் பழக்கம் லேசில் விடுமா? தோளை நிமிர்த்தி, தாடையை இறுக்கி, இரண்டு கையாலும் மொத்த பலத்தையும் திரட்டி ஸ்டியரிங்கை இழுத்தார். கறுப்புப் பட்டையை இழுத்த கை அது. வேன் கிறுகிறுவென்று சுழன்று முற்றத்து நடுவிலிருந்த கொடிக்கம்பத்தைச் சுற்றி, ஓரத்து விறகு அடுக்குக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது.

“மெல்ல அண்ணே! அது ரப்பர் இல்ல!” என்று கத்தினாள் இங்குன்.

ஒட்வார் கதவைத் திறந்து விறகு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதென்று எட்டிப் பார்த்தார். முன்னாலிருந்த கடிதம் சரிந்து பனியில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி கிளம்பினார், இம்முறை ஒற்றை விரலால். கொடிக்கம்பத்தை இன்னொரு சுற்று. பிறகு இன்னொன்று. மூடிய கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய்விட்டுச் சிரிப்பது தெரிந்தது, சத்தம் மட்டும் கேட்கவில்லை. இங்குனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கத் தரையில் கிடந்த ஸ்பானர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.

மாரித் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

“ரெண்டு வருஷமா நான் ஒரு தடவகூட அந்த வண்டிய ஓட்டிப் பாக்கல அக்கா,” என்றாள். “அப்பா கையையே பிடிச்சுப் பாத்துக்கிட்டிருந்துட்டேன்.”

“கழட்டுன பழைய பம்ப்பு எங்க?”

“அப்பாவோட படகுக் கொட்டாயில கிடக்கு.”

“திங்கக்கிழமை கொண்டா. அலமாரியில எடம் ஒதுக்கி வச்சிருக்கேன்.”

“அப்பா பேரப் போட்டுராதீங்க அக்கா, பாவம்.”

“அப்பா பேரு எதுக்கு? உன் பேருதான்.”

மாரித்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இங்குன் கிரீஸ் அப்பிய கைகளை அவள் முன் நீட்டினாள். “கை துடைக்க ஏதாவது குடு.”

கை துடைக்கும் காகிதச் சுருள், ஆள் உயரத்துக்கு, இங்குனின் முதுகுக்குப் பின்னால்தான் தொங்கியது. மாரித் அந்தச் சுருளைப் பார்த்தாள். வெளியே ஆறாவது சுற்று போய்க்கொண்டிருந்த நீல வேனைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கடிதத்தைப் பிரித்துக் கொடுத்தாள். இங்குன் அதை வாங்கி, கட்டைவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாக, நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.