நான் வைக்கச் சொன்ன பலகை

"அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது" என்ற அந்தத் தகரப் பலகையை வைக்கச் சொன்னது நான்தான். அப்போது இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்தேன். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு களிமண் முற்றத்தை ஆய்வு செய்து, அறிக்கையின் கடைசி வரியில் பலகையைப் பரிந்துரைத்தேன். முதலாளி மறு வாரமே மாட்டினார். வாசலுக்குக் கதவு மட்டும் போடவில்லை. நான் அதை எழுதவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலையில் அந்தப் பலகையைத் தாண்டித்தான் ஜங்ஷனுக்குப் போய்ப் பேப்பர் வாங்குகிறேன். குறுக்கு வழி. ஸ்ரீமுஷ்ணம் பஸ் பிடிக்கிறவர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், ஆடுகள், எல்லாருக்கும் அதுதான் வழி. முற்றத்து வேப்பமரத்தடியில் ஓர் அம்மா கேனில் டீ கொண்டுவந்து விற்பார். நானும் வாடிக்கை.

போன வருடம், களிமண் ஏற்றி வந்த டிராக்டர் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தது. டிரெய்லர் சக்கரத்தில் அந்தம்மாவின் இடது கால் சிக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவர் அங்கே வேலையாள் இல்லை. ஆகவே தொழிலாளர் இழப்பீடு கிடையாது. டிராக்டர்காரருக்கு அந்த டிராக்டரைத் தவிர வேறு சொத்து இல்லை. மிச்சம் இருந்தது வண்டியின் இன்சூரன்ஸ். நான் வேலை பார்த்த அதே கம்பெனி. அவர்களும் கையை விரித்தார்கள். கட்டாயக் காப்பீடு பொது இடத்தில் ஓடும் வண்டிக்குத்தானாம், இது தனியார் இடமாம். ஆதாரம்: என் பலகையின் போட்டோ. அந்தம்மா காட்டிய மறுப்புக் கடிதத்தைப் படித்தேன். வாக்கியங்கள், வேலையில் இருந்தபோது மாதிரிக் கடிதத்துக்காக நான் எழுதியவை. ஒரு கமாகூட மாறவில்லை.

"அது யாரு எடம்னு கேக்கறாங்க சார். போன காலு யாரு காலுன்னு ஒருத்தரும் கேக்கல" என்றார் அந்தம்மா.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் என்னிடம் வேலை பழகியவர். போன் செய்தேன்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானே சார்? மொதல்ல பொது எடமான்னு பாருன்னு."

"எடத்தப் பாக்கச் சொன்னேன்யா. பலகைய மட்டும் பாக்கச் சொல்லல."

"தனியார் எடத்துக்கான காப்பீட்ட பிரிட்டன்லயே தூக்கிட்டாங்க சார். நாம எம்மாத்திரம்?"

அந்தக் கதையும் எனக்குத் தெரியும். ஐரோப்பாவில் ஒரு பண்ணையில், பின்னோக்கி வந்த டிராக்டர் ஏணியை இடித்து ஒருவர் கீழே விழுந்தார். தனியார் இடமானாலும் கட்டாயக் காப்பீடு பொருந்தும் என்றது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம். ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன், பிரீமியம் ஏறிவிடும் என்று சொல்லி, அந்தத் தீர்ப்பு தன்னைக் கட்டுப்படுத்தாதபடி சட்டம் போட்டுக்கொண்டது. விடுதலை பெற்ற நாடு முதலில் விடுதலை செய்தது யாரை? ஏணியிலிருந்து விழுந்தவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களை. அதைத்தான் விருத்தாசலத்தில் ஒருவர் எனக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்.

அந்தம்மா விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார்; நான் அவருக்காகச் சாட்சி சொன்னேன். கம்பெனி வக்கீல் என் பழைய அறிக்கையை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான்."

"பலகை வெக்கச் சொன்னவரே நீங்க. அப்போ தெனமும் அத்துமீறி நுழைஞ்சீங்களா?"

"ஆமாங்க. அத்தன வருஷமும். வாட்ச்மேன் எழுந்து நின்னு வணக்கம் சொல்லுவாரு. முதலாளி ரெண்டு தடவை அந்தம்மாகிட்டயே எனக்கு டீ வாங்கிக் குடுத்திருக்காரு. பலகைக்கு நேர் கீழ நின்னு. அதையும் பதிவு பண்ணணும்."

பதிவு செய்தார்கள். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே அந்தம்மா கட்டையை ஊன்றி நின்றார். "பலகை வெச்சது நீங்கதான்னு இன்னிக்குத்தான் தெரியும்."

"முன்னாடியே சொல்லியிருக்கணும்மா."

"சொல்லியிருந்தா சக்கரை போடாம குடுத்திருப்பேன்" என்றார். சிரிக்கவில்லை.

தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, எல்லாரும் தடையின்றி நடமாடுவதால் அது பொது இடம்தான் என்று. கம்பெனி மேல்முறையீடு செய்திருக்கிறது. மனுவின் நகல் நேற்று வந்தது. அதன் மாதிரியைத் தயாரித்துக் கொடுத்தவனும் நான்தான். எந்தப் பத்தியில் ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தம்மாவின் வக்கீலுக்கு எழுதி அனுப்ப உட்கார்ந்திருக்கிறேன்.