கொசுச் சத்தம் இல்லாமல் ஒயர் போட்ட எங்கள் அண்ணன்

குட்டியண்ணே, நீங்கள் போய்விட்டீர்கள் என்று பக்கத்து டயர் கடை முதலாளி தவுக்கேதான் எனக்குப் போன் போட்டார். நான் அப்போது திகாம் பத்து சந்தையில் கெம்பொங் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். "அக்கா, அபாங் சூடா தாக் அடா லா," என்று மலாயில் சொல்லிவிட்டு அந்த மனுசன் அழுதார். அண்ணன் இல்லை என்றால் என்ன, கடையில் இல்லையா, சாப்பிடப் போயிருப்பார் என்றேன். அவர் அழுவதை நிறுத்தவில்லை. மீன் பையை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன். கடை வாசலில் ஒரு காரின் கதவு திறந்து கிடந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தானாம், அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் பெயர் சண்முகம். சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தோம். அங்கே பெரிய சண்முகம் ஒருவர் இருந்ததால் இவர் குட்டி ஆனார். தலை நரைத்த பிறகும் குட்டிதான். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மைக்செட் கட்ட வருகிறவர்கள் பின்னாலேயே சுற்றுவார். ஸ்பீக்கர் அலறினால் எல்லாரும் காதைப் பொத்துவோம். இவர் மட்டும் எங்கே ஒயர் தப்பு என்று தேடிக்கொண்டு போவார். பிறகு சுங்கை பட்டாணியில் ஒரு கார் ரேடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம் ஆனதும் திகாம் பத்துவில் சொந்தமாகக் கடை போட்டார்.

அவருடைய வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காரில் ரேடியோ முன்னால் இருக்கும். சத்தத்தைப் பெரிசாக்குகிற ஆம்ப்ளிஃபயர் பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் இருக்கும். முன்னாலிருந்து பாட்டைப் பின்னால் கொண்டுபோவது சிக்னல் ஒயர். பேட்டரியிலிருந்து கரண்டு கொண்டுபோவது பவர் ஒயர். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டினால் பாட்டுக்குள்ளே கொசு கத்துவது மாதிரி ஒரு சத்தம் வரும். எண்ணெய் மிதிக்க மிதிக்க, இஞ்சின் வேகம் ஏற ஏற, அதுவும் ஏறும். அதனால் அண்ணன் பவர் ஒயரை ஒரு பக்கமும் சிக்னல் ஒயரை மறுபக்கமும் கொண்டுபோவார். "மாமியாரும் மருமகளும் மாதிரி சரசு. ஒரே வீட்டுல இருக்கலாம், ஒரே அடுப்படியில நிக்கக் கூடாது," என்று என்னிடம் சொல்வார். எங்கேயாவது ஒன்றை ஒன்று தாண்டியே ஆகவேண்டும் என்றால் நேர்க்குறுக்காகத் தாண்ட விடுவார். "குறுக்க போகலாம், கூடவே போகக் கூடாது."

என் வீட்டுக்காரர் இறந்த வருசம் நான் வேலை செய்த ஃபேக்டரியிலும் ஆளைக் குறைத்தார்கள். பாயை விட்டு எழுந்திருக்காமல் கிடந்தேன். அண்ணன் வந்து வாசலில் நின்றார். உள்ளே வந்து ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. "ஃபேக்டரியில ஒயருக்கு ஈயம் உருக்கி வச்சவதானே நீ? சிக்னல் ஒயருக்கு ப்ளக் வைக்க ஆள் இல்ல. தலையச் சீவிக்கிட்டு வா," என்றார். போனேன். அன்றிலிருந்து நான் ப்ளக் வைப்பேன், அவர் ஒயர் போடுவார். வேலை முடிந்ததும் என்னை முன் சீட்டில் உட்காரவைத்து இஞ்சினை முறுக்குவார். சத்தம் இருக்கிறதா இல்லையா என்று நான்தான் சொல்லவேண்டும். ராசிக்காகக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குரூணிலிருந்து குணா என்று ஒரு தம்பி புதுக் கார் கொண்டுவந்தார். ஒயரெல்லாம் போட்டு முடித்தும் கொசுச் சத்தம் போகவில்லை. அண்ணன் சிக்னல் ஒயரை உருவி மறுபடியும் போட்டார். எர்த் ஒயரைக் காரின் இரும்பில் வைத்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டினார். பிறகு, என்னைக் கேட்காமலேயே, "இப்ப போயிருச்சு," என்றார்.

"என்னண்ணே போயிருச்சு? உள்ள கொசுப் பண்ணையே வச்சிருக்கீங்க லா! காதுல பஞ்சா?" என்று குணா சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அந்தச் சத்தம் எனக்குக் கேட்டு ரொம்ப நாளாச்சு தம்பி. மெல்லிசுச் சத்தம் எதுவும் கேக்கறதில்ல. தங்கச்சி காதுலதான் என் வேலை ஓடுது."

இத்தனை நாள் பெரிய ஸ்பீக்கர் முன்னால் தலையை வைத்து வேலை செய்ததற்கு அதுதான் மிச்சம். எனக்கே அன்றுதான் தெரியும். குணா, "அக்கா காது நல்லா இருக்குல்ல? அப்ப சரி லாண்ணே, பாருங்க," என்றார். அந்தத் தம்பி நல்ல தம்பி.

காரில் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தோம். சத்தம் இருந்தது. அணைக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். டாஷ்போர்டில் மினுக் மினுக்கென்று எரியும் சின்ன முருகன் விளக்கு. கார்ப் பூசையன்று குணாவின் அம்மா வைத்தது, எப்போதும் எரியவேண்டும் என்று சொல்லி வைத்தது. யார் கை வைப்பது? அண்ணன் செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், ப்ளக்கைப் பிடுங்கினார். நான் "இப்ப சத்தம் இல்ல" என்று கத்தினேன். "சாமி மேல குத்தமில்ல. இந்த மலிவு ப்ளக்கு மேலதான்," என்று சொல்லி, விளக்குக்கு நல்ல ப்ளக்காகப் பார்த்து மாட்டி, முருகனை மறுபடியும் எரியவிட்டார்.

அதற்குப் பிறகு அலோர் ஸ்டாரில் காது டாக்டரிடம் போகலாம் என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். "தீவாளி முடியட்டும். அவனவன் பாட்டுப் போட்டுக்கிட்டு ஊருக்குப் போகணும்ல?" என்றார். நானும் சரி என்றேன். தீபாவளி வருவதற்குள் அவர் போய்விட்டார்.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் அண்ணன் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் படுத்திருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. முகம் தெரியாததால் எனக்குத் தைரியம் வந்தது. "அண்ணே, அன்னிக்கு நீங்க வந்து கூப்பிடலன்னா நான் எந்திரிச்சே இருக்க மாட்டேன். ஒரு நாளும் சொன்னதில்ல, இப்ப சொல்றேன்," என்றேன். "ம்ம்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தக் கறுப்பு டேப்ப எடு," என்றார். காதில் விழுந்தாலும் அவருக்கு "ம்ம்"தான், விழாவிட்டாலும் "ம்ம்"தான். இன்னொரு தடவை சொல்ல வெட்கமாகப் போயிற்று. டேப்பை எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணனை வீட்டில் கிடத்தியிருந்தபோது அதைச் சொல்லிவிடத்தான் குனிந்தேன். வெளியே உறுமி அடித்தார்கள், பின்னால் பெண்கள் அழுதுகொண்டு காத்திருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் "போய் வாங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். தோளைப் பிடித்து நகர்த்திவிட்டார்கள்.

அண்ணே, அந்த மத்தியானம் நான் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா?