வாடைப் பக்கச் சுவர்

கசநோய்க்காரரின் சளியைக் கண்ணாடியில் தடவிச் சோதிப்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. துறைமுகத்துக்கு அருகே, கடலைப் பார்த்த ஓர் அறை. கூட வேலை செய்தவர் கிண்ணியாக்காரர். வாலிபத்தில் அதே நோய் வந்து மாறியவர். எழுபதுகளின் கடைசியில், சளியை உள்ளே வைத்துத் தடவ, கிருமிக் காற்றை உறிஞ்சி வடிகட்டிக் குழாய்வழியே வெளியே தள்ளும் பெட்டியொன்று வந்திறங்கியபோது அவரை நினைத்துத்தான் எனக்குச் சந்தோஷம்.

அதை எங்கே வைப்பது? கதவருகே கூடாது, மின்விசிறிக்குக் கீழேயும் கூடாது. மிஞ்சியவை இரண்டு சுவர்கள். மேற்குச் சுவருக்கு வெளியே வேப்பமரம். மூதூர் லாஞ்சில் கடல் தாண்டி வரும் தாய்மார் பிள்ளைகளோடு மருந்துக்குக் காத்திருக்கும் இடம். கிழக்கே கடல் மட்டும். வடிகட்டி எல்லாவற்றையும் பிடித்துவிடும், எந்தப் பக்கமும் சரி என்றார் கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர். கிண்ணியா நண்பர் கிழக்கு என்றார். குழாய் கடல்பக்கம் போனது.

அது கச்சான் காலம், காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். பெட்டியின் வாயில் ஊதுபத்தியைப் பிடித்தோம். புகை ஒழுங்காக உள்ளே போனது. கடலிலிருந்து வாடைக் காற்று தொடங்கினால் அந்தப் பக்க யன்னலைத் திறக்க முடியாதென்று இந்த ஊரில் எவருக்குத் தெரியாது? ஆனாலும் மோட்டார் பூட்டிய சாமானைக் காற்று என்ன செய்யும் என்று எங்களுக்கு ஒரு மிதப்பு.

கார்த்திகையில் வாடை பிடித்தது. மறுபடி ஊதுபத்தியைக் கொளுத்தினோம். புகை திரும்பி வந்து அவர் முகத்தில் அடித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கொழும்புக்குச் சொன்னோம், பார்ப்போம் என்றார்கள். அதுவரை குழாயை மேற்கே திருப்புவோம் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"அந்த வடிகட்டிய நான் நம்பல்ல. மரத்தடியில பச்சப் புள்ளையள் இருக்குதுகள். ஏலாது," என்றார் நண்பர்.

என்னையும் பெட்டியடிக்கு விடவில்லை. தனக்கு ஒருமுறை வந்துவிட்டதாம், இனி வராதாம். அந்தக் கதையை அவரே நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிடிவாதக்காரர். வாடை மழை முடியும்வரை அதன்முன் அவரே இருந்து சளி தடவினார்.

பங்குனியில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் அவருடைய நெஞ்சில் நிழல் விழுந்திருந்தது. அவரைப் பார்க்க ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போகும் வழியில் வேப்பமரத்தடித் தாய்மாரைக் கண்டபோது எரிச்சலாக வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள், பாவம்.

கட்டிலில் சுருண்டு கிடந்தவர் நான் கதிரையில் உட்காருவதற்குள் கேட்டார்:

"குழாயத் திருப்பிட்டீங்களோ?"

இல்லை என்றேன்.

"நல்லது," என்றார்.