அப்பா துளை போட மறந்த துவக்கு

என் அப்பாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஜெர்மனியில் டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்திலே ஒரு சிற்றூரில் தச்சு வேலை பார்த்தார். கதவு மயிரளவு சரிந்தாலும் கழற்றித் திரும்பப் பூட்டுவார். அப்படிப்பட்ட மனிதர் வீட்டில் துவக்குச் செய்து ஊர் சிரிக்க நின்ற கதை இது.

எங்கள் ஊரில் கோடையில் துப்பாக்கி சுடுவோர் சங்கத்தின் திருவிழா நடக்கும். பச்சைக் கோட்டு, இறகு வைத்த தொப்பி, பேண்டு வாத்தியம் என்று ஊர்வலம் போய், முடிவில் வரிசையாக நின்று குண்டில்லாமல் வெறும் மருந்தை வெடிக்கவைப்பார்கள். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் அப்பாவையும் சங்கத்தில் சேர்த்துவிட்டார். துவக்குச் செய்யக் குழல், விசை, தீக்கல் எல்லாம் அடங்கிய பெட்டியொன்றை முறைப்படி எடுத்துக் கொடுத்தவரும் அவரேதான்.

பெட்டியைப் பிரித்ததும் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "வன்னியில இதை இடியன் எண்டு சொல்லுவம்!" என்று இலங்கையில் விட்டுவந்த ஊரை நினைத்துச் சொன்னார்.

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. "இஞ்சருங்கோ, வெடிச் சத்தத்துக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள். இப்ப வீட்டுக்குள்ளேயே துவக்குச் செய்யப்போறியளோ?"

"ஊர்வலத்துக்குத்தானப்பா. பயப்பிடாதையும்."

அம்மா அதன்பிறகு, அப்பா துவக்குச் செய்த நிலவறைப் பக்கமே போகவில்லை. உடுப்புத் தோய்க்கும் மெஷினும் அங்கேதான் இருந்தது. ஆகவே அந்த வேலையும் அப்பாவின் தலையில் விழுந்தது. மனிதர் சளைக்கவில்லை. குளிர்காலம் முழுக்க வால்நட் கட்டையைச் சீவி, குழலைப் பதித்து, எண்ணெய் பூசிப் பூசி மினுக்கினார். நானோ என் அப்பாவின் துவக்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக வெடிக்கும் என்று வகுப்பு முழுக்க அளந்துவிட்டிருந்தேன்.

திருவிழாவுக்கு முன்பு ஜெர்மன்காரர் பார்க்க வந்தார். தடவிப் பார்த்துச் சொக்கிப்போனவர், திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விசையில் பறக்கும் தீப்பொறி, குழலின் பக்கத்திலுள்ள சின்னத் துளைவழியாகத்தான் உள்ளேயிருக்கும் மருந்துக்குப் போகவேண்டுமாம். அப்பா அந்தத் துளையைப் போடவே இல்லை!

டிரில் எடுத்து வருகிறேன், கொஞ்ச நேர வேலை, பிறகு சோதனைக்கு அனுப்பி முத்திரை வாங்கிவிடலாம் என்றார் அவர். அப்பா குழலின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அடுத்த வருடம் பார்ப்போம் என்றுவிட்டார்.

எனக்கு அழுகை முட்டியது. "உங்களுக்கு எப்பிடியப்பா மறக்கும்?"

"வயசு போகுதெல்லோ, பிள்ளை" என்றார். அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

சங்கத்தில் ஆளாளுக்குக் கேலி செய்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். திருவிழா நாளில் ஜன்னல்களைச் சாத்தி, டிவியை அலறவிட்டு உள்ளறையில் இருந்துவிடும் அம்மா, அந்த வருடம் சேலை உடுத்திக்கொண்டு வந்து தெருவோரம் நின்றாள்.

வெடி கிளம்பியது. அம்மா என் கையை நோகும்படி இறுக்கினாள். எல்லாத் துவக்குகளும் புகை கக்க, அப்பாவினுடையது மட்டும் ஒரு பொறியைத் தட்டிவிட்டுச் சும்மா இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். மானம் போயிற்று எனக்கு.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் நீர். பாவம், அவளுக்கும் வெட்கமாக்கும் என்று நினைத்தேன்.

"அழாதேங்கோ அம்மா" என்று அவள் கையைத் தடவினேன். "வாற வருஷம் கட்டாயம் வெடிக்கும்."