இரண்டு கடைவாய்ப் பற்கள்

சாவகச்சேரிப் பல் வைத்தியரிடம் நோகாமல் பல் பிடுங்கப் போடும் விறைப்பூசி வந்திருப்பதாகச் சந்தைக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். யுத்தம் நடந்து, மருந்துகள் வரவிடாமல் பொருளாதாரத் தடை இருந்த காலம். அந்த மருந்து எப்போது வரும், எப்போது முடியும் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் என் கணவருக்கும் கீழ்க் கடைவாயில் ஆளுக்கொரு சொத்தைப் பல். கிராம்பைக் கடித்துக்கொண்டு மாதக்கணக்கில் சமாளித்திருந்தோம். அடுத்த நாள் காலை அவர் என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு கொடிகாமத்திலிருந்து புறப்பட்டார்.

பயம் முழுவதும் என்னைப் பற்றியதுதான். எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அப்படிப்பட்டவர்களுக்குப் பல் பிடுங்கினால் புண் ஆறாது என்று அயலில் பலரும் சொல்லியிருந்தார்கள். வைத்தியரும் என்னைத்தான் அதிகம் விசாரித்தார். கடைசியாக எப்போது சீனி பார்த்தது, அதற்கு விழுங்கும் குளிசை ஒழுங்காகக் கிடைக்கிறதா, காலையில் சாப்பிட்டேனா, முன்பு எப்போதாவது இரத்தம் நிற்காமல் ஓடியதா என்றெல்லாம் கேட்டார். எல்லாம் கேட்டு முடிந்ததும், "கட்டுப்பாட்டிலைதானே இருக்கு, பயப்பிடாதேங்கோ" என்றார்.

பிறகு என் கணவரிடம் திரும்பினார்.

"உங்களுக்கு ஏதும் வருத்தம் இருக்கோ?"

"எனக்கொண்டும் இல்லை."

"புகைக்கிறனீங்களோ?"

"இடைக்கிடை."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புகையிலைத் தோட்டம் செய்பவர். சாப்பிடும்போதும் நித்திரையிலும்தான் அவர் வாயில் சுருட்டு இருக்காது.

என் பல் சுலபமாக வந்துவிட்டது. அவருடையதற்கு வேர் வளைந்திருந்தது. வைத்தியருக்கு வியர்த்துக் கொட்டியது. முடிந்ததும் இருவரையும் இருத்தி வைத்துச் சொன்னார்.

"குழிக்குள்ளை ரத்தம் கட்டிபட்டு நிக்கவேணும். அதுதான் புண்ணுக்கு மூடி. இண்டைக்குக் கொப்புளிக்காதேங்கோ, ஓங்கித் துப்பவும் வேண்டாம். ஐயா, சுருட்டை ஒரு கிழமைக்குத் தொடாதேங்கோ. இழுக்கிற இழுவையிலை கட்டி கழண்டுபோம்."

மறுநாள் விடிய, கிணற்றடி வாழைகளுக்குப் பின்னாலிருந்து சுருட்டு மணம் வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. என் புண் பழுதாகிறதா என்று நாக்கால் தடவிப் பார்ப்பதிலேயே என் கவனம் இருந்தது.

மூன்றாம் நாளளவில் வலி வந்தது அவருக்குத்தான். தாடையில் தொடங்கிக் காதுவரை ஏறியது. நோக்குளிசை விழுங்கியும் கேட்கவில்லை. கதைக்கும்போது வாய் நாறியது.

"அவன் வேரை உள்ளை விட்டிட்டான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உமக்கு ஒண்டுமில்லையோ?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

திரும்பவும் சாவகச்சேரிக்குப் போனோம். வைத்தியர் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார்.

"வேர் ஒண்டும் இல்லை. கட்டி கழண்டு, எலும்பு வெளியிலை தெரியுது. எப்ப சுருட்டுப் பத்தினனீங்கள்?"

"பத்தேல்லை."

"அடுத்த நாள் விடியவே பத்தினவர், டொக்டர்" என்றேன் நான்.

வைத்தியர் ஏசவில்லை. இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் குழியைக் கழுவி, கிராம்பெண்ணெய் மணத்த மருந்துத் துணியை உள்ளே வைத்தார். தெருவுக்கு வரும்போதே என் கணவரின் முகம் தெளிந்திருந்தது. ஆனாலும் என்னோடு கதைக்கவில்லை. மீசாலை தாண்டும்போது மட்டும், சைக்கிளை மிதித்தபடி, "நீர் கண்டனீரோ?" என்று கேட்டார்.

"மணந்தது."



துணி மாற்ற இன்னும் சில தடவை போய்வந்தார். அந்த நாட்களில் சுருட்டை உண்மையாகவே விட்டிருந்தார். சின்ன விஷயங்களுக்கெல்லாம் எரிந்து விழுந்தார். அவரால் சப்ப முடியாததால் இருவரும் கஞ்சிதான் குடித்தோம். என் குழி எப்போது மூடியது என்று எனக்கே தெரியவில்லை. அவருடையது ஆற வாரக்கணக்காயிற்று. ஆறியதும் சுருட்டு மறுபடி வந்தது.

சீனி வருத்தக்காரி சுகமாக இருக்க இவருக்கு ஏன் இப்படி என்று அயலவர் கேட்டபோது, வேர் வளைந்திருந்தது என்று அவர் சொல்லிவந்தார். அதிலும் உண்மை இருந்தபடியால் நான் மறுத்துப் பேசவில்லை.