ஒரு வார்த்தைக்கு விட்டது

"விடு" என்றார் விஸ்வநாதன்.

நாய் விட்டது.

அதற்கு முன் கீழ்வீட்டு கோஷால் குடையால் அதன் முதுகில் நான்கு முறை அடித்திருந்தார். வங்காள மொழியில் கத்தியும் பார்த்தார். இஸ்திரிக்காரர் ராம்பிரவேஷ் இப்போது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். வலது முன்கையில் இரண்டு இடங்களில் சதை பிய்ந்திருந்தது. தேய்த்துக் கொண்டுவந்த சட்டைகள் கீழே கிடந்தன. நாய் அவற்றின் மேல் நின்று, அடுத்து என்ன என்பதுபோல விஸ்வநாதனைப் பார்த்தது.

ராம்பிரவேஷ் செய்தது ஒன்றுதான். வாசலில் கட்டி வைத்திருந்த பெரிய பெட்டி வழியை மறித்தது. நகர்த்தி வைக்கலாம் என்று கைப்பிடியைப் பிடித்தார்.

விஸ்வநாதனுக்கு அறுபத்தேழு வயது. துறைமுக அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தார். டாக்குரியாவில் ரயில் சத்தம் கேட்கும் இரண்டாம் மாடி வீடு. மனைவி வத்சலா இறந்து நான்கு வருடமாகிறது. மகன் ஹரீஷ் கனடா போகும்போது, மூன்று மாதம் மட்டும் என்று சொல்லித் தன் நாய் டூட்டுவை விட்டுப்போனான். இரண்டரை வருடம் ஓடிவிட்டது. அதன்பின் விஸ்வநாதன் ஓர் இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை. சென்னையில் மகள் சாதனாவுக்குப் பிறந்த குழந்தையைப் போனில்தான் பார்த்திருக்கிறார். நாய் வேறு யார் கையிலும் சாப்பிடாது. தமிழ் தவிர வேறெதற்கும் திரும்பாது. அவருக்கும் அந்தக் கட்டடத்தில் தமிழ் பேச அதுதான் இருந்தது.

வியாழக்கிழமை சாந்த்ராகாச்சி ஸ்டேஷனிலிருந்து சென்னைக்கு ரயில். சாதனாவோடு இருந்துவிடப் போகிறார். அவள் குடியிருப்பில் நாய் வைத்துக்கொள்ளக் கூடாது. கரியாவுக்கு அப்பால் ஒரு நாய்க் காப்பகத்தில் பேசி முடித்திருந்தார். புதன்கிழமை வண்டி வரும், சங்கிலி அவர்களே கொண்டுவருவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான்களை எடைக்குப் போட்டபோது நாய்ச் சங்கிலியையும் போட்டுவிட்டார்.

இன்று செவ்வாய்.

ராம்பிரவேஷை டாக்சியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கட்டுப் போட்டு முதல் ஊசியும் போட்டு வெளியே வந்தபோது போன் வந்தது. கட்டடக் கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் கோஷால் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். இருவரும் அதே டாக்சியில் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் இளம்பெண். வங்காள மொழியில், மாமா முறை வைத்துக் கேட்டார்.

"நாய் யாருது, மேசோமஷாய்?"

"என் பையனுது." மாநகராட்சி லைசென்ஸை எடுத்து வைத்தார். ஹரீஷின் பெயர் இருந்தது.

"பையன் எங்கே?"

"கனடால."

"அங்கேருந்தா பிடிச்சிட்டிருந்தார்?"

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தார்.

"லைசென்ஸ்ல யார் பேர்ங்கறதை நான் கேக்கலை. நாய் யார் கைவசம் இருக்கோ, அவங்கதான் ஆபத்து வராம பாத்துக்கணும். பாத்துக்கலைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். இல்ல அபராதம். இல்ல ரெண்டும். சட்டம் அப்படித்தான் சொல்லுது."

"என் கைவசம்னு சொல்ல முடியாதும்மா. அது பாட்டுக்கு வீட்டுல இருக்கு. நான் சோறு போடறேன், அவ்வளவுதான். நாளைக்குக் காப்பகத்துக்குப் போயிடும்."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பையன்கிட்டேருந்து எழுத்துல வாங்க முடியுமா? நாய் தன்னோடது, பொறுப்பு தன்னோடதுன்னு?"

"இன்னிக்கே வாங்கிடறேன்."

பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ராம்பிரவேஷ் எழுந்தார்.

"மேடம், பாபுஜி மேல தப்பே இல்லை. கோஷால் பாபு குடையால அடிச்சார், கேக்கலை. நான் கத்தினேன், கேக்கலை. பாபுஜி வந்து ஒரு வார்த்தை சொன்னார். அந்த நிமிஷமே விட்டுது. அவர் இல்லைன்னா என் கை போயிருக்கும்."

"ஒரு வார்த்தைக்கா?"

"ஒரே வார்த்தை. அவங்க பாஷையில."

"சொன்னா கேக்குதுன்னா அவர் கைவசம்தான்." சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"சங்கிலி போட்டிருந்தீங்களா, மேசோமஷாய்?"

"இல்லை."

"வீட்டுல சங்கிலி இருக்கா?"

"எடைக்குப் போட்டுட்டேன்."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை."

அதையும் எழுதினார். ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். பத்து நாள் நாயை அதே வீட்டில் கட்டிவைத்து, நோய் வருகிறதா என்று பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். கூப்பிடும்போதெல்லாம் அவர் வர வேண்டும்.

"வியாழக்கிழமை எனக்கு ரயில் இருக்கு."

"நாய்க்கும் டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார் கான்ஸ்டபிள்.

"கேஸ் முடியற வரைக்கும் சொல்லாம ஊரை விட்டுப் போகாதீங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"எப்ப முடியும்?"

"அதை நான் எப்படிச் சொல்றது?"

கையெழுத்துப் போட்டார்.

வெளியே ராம்பிரவேஷ் கேட்டார். "சரியாச் சொன்னேன் இல்ல, பாபுஜி?"

"சரியாத்தான் சொன்னீங்க."

வீட்டுக்கு வந்து காப்பகத்துக்குப் போன் செய்தார். கடித்த நாயை எடுப்பதில்லை என்றார்கள். பத்து நாள் கழித்தும்தான்.

மாலையில் ஹரீஷ் கூப்பிட்டான். "அப்பா, அது என்னோட நாய். என்ன வேணா எழுதித் தரேன். நான்தான் ரெஸ்பான்சிபிள்."

"சரி. வா."



"இப்ப எப்படிப்பா வர முடியும்?"

நாய் பெட்டியின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

மறுநாள் புதன்கிழமை. காலையில் டிக்கெட்டை ரத்து செய்தார். சாதனாவுக்குச் சொன்னார். கரியாஹாட்டில் புதுச் சங்கிலியும் வாய்க்கூடும் வாங்கினார். ராம்பிரவேஷின் இஸ்திரிக் கடை மூடியிருந்தது. லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரை கிலோ வாங்கினார். பெட்டியைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுத்தார். மற்றவற்றை எடுக்கவில்லை. மத்தியானம் நாயை ஜன்னல் கம்பியில் கட்டினார். சங்கிலி நீளம் போதவில்லை, அதனால் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டார். ஒரு தாளில் தேதி போட்டு எழுதினார்: முதல் நாள். சாப்பிட்டது. தண்ணீர் குடித்தது.